எங்கள் பேத்தி பார்க்க நினைக்கும் வேலை



கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை ஐயா" என்று மட்டும் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிய அதே ஆட்கள்தான்.

போன வாரம் மன்னார்குடியில் நம் உறவில் ஒரு புதுமனை புகுவிழா. பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு பெரியவர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். என் தங்கையின் பேத்தி பி.ஃபார்ம் முடித்திருக்கிறாள். ஒரு மருந்து கம்பெனியில் வேலைக்கு ஆர்டரும் வந்துவிட்டது. இருபது நாளில் சேர வேண்டும். அவளோ, "எனக்கு அந்த வேலை வேண்டாம், பொது சுகாதாரத்துல மேல படிச்சுட்டு மருந்துக் கொள்கை சம்பந்தமான வேலைக்குப் போறேன்" என்கிறாள்.

"கொள்கையா? எந்தக் கட்சிம்மா?" என்று ஒருவர் கேட்க, கூடமே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. "உலகத்துல மருந்து எல்லாருக்கும் கட்டுப்படியான விலையில கிடைக்கணும்ல, அதுக்கான வேலை" என்றாள். "அதுக்குத்தான் மெடிக்கல் ஷாப் இருக்கே" என்று இன்னொருவர். மறுபடி சிரிப்பு. அவள் அப்பா, என் மருமகன், என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார். நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் நின்றவனுக்கு அந்தப் பார்வை தெரியாதா? கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாத்தியார் மழுப்புகிறார் என்று தெரிந்துகொண்ட பிள்ளையின் பார்வை அது.

அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் என் மேசைக்கு அடுத்த மேசைக்காரர் கணக்கு வாத்தியார். அவர் குடும்பத்தாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஊரையும் நோயையும் மருந்தையும் எழுதவில்லை. அவருக்கு ஒரு நோய் வந்தது. மருந்து இருக்கிறது, சாப்பிட்டால் பல வருஷம் நன்றாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மருந்தின் ஒரு மாத விலை அவருடைய மூன்று மாதச் சம்பளம். முதலில் பி.எஃப். கடன் போட்டார். பிறகு மனைவியின் நகை, அதன் பிறகு தகப்பனார் வைத்துவிட்டுப் போன நிலம். நாங்கள் ஸ்டாஃப் ரூமில் இரண்டு முறை வசூல் செய்து கொடுத்தோம். இரண்டாவது முறை கவரை வாங்கிக்கொண்டு, "சார், கணக்குப் போட்டுப் பார்த்தேன், வரிசை குவியல" என்றார். முடிவிலாத் தொடர் ஒருங்குவதைப் பற்றிப் பாடம் எடுப்பவர் சொன்ன அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போன சில வருஷங்களில் அதே மருந்தைப் பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து, பழைய விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

என் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். அந்த விலை ஏன் அவ்வளவு இருந்தது, ஏன் பிறகு குறைந்தது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பது போல, மருந்து விலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். வசூல் செய்தேன், அழுதேன், மாலை போட்டேன். வேதியியல் படித்தவன் காரணத்தைக் கேட்கவில்லை.

கேட்க வைத்தது ஒரு மாணவன். 2013-ல், சென்னையில் வக்கீலாக இருக்கும் அவன் ஒரு தீர்ப்பை அனுப்பி, "சார், இதுல பாதி கெமிஸ்ட்ரி. எனக்கு விளங்க வைங்க" என்றான். அது வேறு நோய், வேறு மருந்து. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கான இமாட்டினிப் என்ற மருந்து, நோவார்ட்டிஸ் கம்பெனி கிளிவெக் என்ற பெயரில் விற்றது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ம் தேதி கொடுத்த தீர்ப்பு. கோடை விடுமுறையில் ஒரு வாரம் உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். என் மனைவி, "பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று கேட்டாள்.

என் மாணவர்களே, கந்தகம் பாடம் ஞாபகம் இருக்கிறதா? சாய்சதுரக் கந்தகம், ஒற்றைச்சரிவுக் கந்தகம். இரண்டும் கந்தகம்தான், படிகத்தில் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. "இதெல்லாம் எதுக்கு சார் படிக்கணும்?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பின் உயிர்நாடியே அதுதான்.

இமாட்டினிப் என்ற மூலக்கூறு 1990-களிலேயே வெளிநாட்டில் காப்புரிமை பெற்றுவிட்டது. அப்போது இந்தியச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது. பிறகு அந்த மூலக்கூறின் மெசிலேட் உப்பு. அதன் பிறகு அந்த உப்பின் பீட்டா படிக வடிவம். அந்தப் படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-ல் மனு போட்டார்கள். எங்கே தெரியுமா? நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். மனு எண் 1602/எம்.ஏ.எஸ்./1998. எம்.ஏ.எஸ். என்றால் மெட்ராஸ். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழக்கின் எண்ணில் நம் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2005-ல் நாடாளுமன்றம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 3(டி) என்ற பிரிவை விரிவாக்கியது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, அதன் பலன் கூடியிருப்பதைக் காட்டினால்தான் காப்புரிமை என்பது அதன் சாரம். அதன்படி சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் மனுவைத் தள்ளியது. எதிர்த்து வாதாடியவர்களில் புற்றுநோயாளிகளுக்காக நடக்கும் ஒரு தொண்டு அமைப்பும் இருந்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் அங்கேயும் தோற்றது. கடைசியில் உச்ச நீதிமன்றம்.

கம்பெனி சொன்னது: இந்தப் படிகம் பொடியாக நன்றாக ஓடுகிறது, வெப்பத்தில் நிலைப்புத்தன்மை அதிகம், ஈரத்தைக் குறைவாக இழுக்கிறது, உடம்பில் உறிஞ்சப்படும் அளவு 30 சதவீதம் கூடுதல். நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் இதை எடுத்துக்கொண்ட விதத்தை என் வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தலாம். முதல் மூன்றும் தயாரிப்பதற்கும் சேமிப்பதற்கும் வசதி. நோயைக் குணப்படுத்துவதில் கூடுதல் இல்லை. நான்காவது, உடம்பில் கூடுதலாகச் சேர்வதால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? மருந்து என்றால் பலன் என்பது குணப்படுத்தும் பலன். மனு தள்ளுபடி. அந்தச் சமயத்தில் கிளிவெக் மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து மாதத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம்.

அந்த எதிர்மனுவை எழுத யாரோ உட்கார்ந்து பழைய காப்புரிமைகளையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் படித்திருக்கிறார்கள். "இது ஏற்கெனவே தெரிந்ததுதான்" என்று வரி வரியாகக் காட்டியிருக்கிறார்கள். கொள்கை, கட்சியா என்று சிரித்தோமே, அந்த வேலையில் ஒரு பகுதி இதுதான். பி.ஃபார்ம் படித்த பெண்ணால் செய்ய முடியாதா? நன்றாகவே முடியும்.

இன்னும் பின்னால் போகிறேன். 1911-ம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டத்தை மாற்றுவது பற்றி ஆராய அரசாங்கம் ஒருவரை நியமித்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார், பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். 1959-ல் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் உள்ள காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருக்கின்றன, அவற்றை வைத்து இங்கே பொருள் செய்வதும் இல்லை, மற்றவரைச் செய்யவிடுவதும் இல்லை என்று எடுத்துக்காட்டினார். மருந்துக்குப் பொருள் காப்புரிமை வேண்டாம், செய்முறைக்கு மட்டும் போதும் என்றார். அவர் அறிக்கையின் அடிப்படையில்தான் 1970-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் வந்தது. ஒரே மருந்தை வேறு வழியில் செய்தால் தவறில்லை என்றானதும் நம் ஊர் வேதியியல்காரர்கள் வேறு வழிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இந்திய மருந்துத் தொழில் அதில்தான் வளர்ந்தது. இதைப் படிக்கும் என் மாணவர்களில் பத்துப் பதினைந்து பேர் மருந்து கம்பெனிகளில் இருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் அந்த அறிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு.

அதன் பலன் நாற்பது வருஷம் கழித்து ஆப்பிரிக்காவில் தெரிந்தது. 2000-ல் எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருஷத்துக்கு 350 டாலரில் தருகிறேன் என்றார். நாளுக்கு ஒரு டாலருக்கும் கீழே. அதே சமயம் தென்னாப்பிரிக்க அரசின் மருந்துச் சட்டத்தை எதிர்த்து 39 கம்பெனிகள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தன; உலகம் முழுக்க எழுந்த எதிர்ப்பில் ஏப்ரலில் திரும்பப் பெற்றுக்கொண்டன. அந்த வருஷம் நவம்பரில் தோஹாவில், உலக வர்த்தக அமைப்பின் நாடுகள், மக்கள் உடல்நலத்தைக் காக்க அறிவுசார் சொத்து ஒப்பந்தம் குறுக்கே நிற்கக் கூடாது என்று எழுதி ஏற்றுக்கொண்டன. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் எய்ட்ஸ் மருந்து இலவசம். முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. என் பழைய மாணவன் ஒருவன் அங்கே மருந்து வாங்கி, இன்று பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். இதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

"சார், கண்டுபிடிக்கச் செலவாகாதா?" என்று கம்பெனியில் இருக்கிற பையன்கள் கீழே எழுதப் போகிறீர்கள். ஆகும். கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டுபிடிப்பு நின்று போனால் நாளைக்கு நகல் எடுக்கவும் ஒன்றும் இருக்காது. நோவார்ட்டிஸ் இந்தியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அந்த மருந்தை இலவசமாகக் கொடுத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அந்த நோய்க்கான குரோமோசோம் கோளாறை 1960-ல் ஃபிலடெல்ஃபியாவில் கண்டுபிடித்ததிலிருந்து, ஓரிகானில் பிரையன் ட்ரக்கர் நோயாளிகளிடம் சோதித்தது வரை பல்கலைக்கழகத்துக்காரர்களின் உழைப்பு அதில் நிறைய. பொதுப்பணமும் உள்ளே இருக்கிறது. இரண்டாவது, இலவசம் என்பது கொடுப்பவர் கையில் இருப்பது. எங்கள் கணக்கு வாத்தியார் கவரை வாங்கும்போது தலையைக் குனிந்துகொண்டார். விலை கட்டுப்படியாக இருந்தால் அவர் கடையில் நிமிர்ந்து நின்று காசு கொடுத்து வாங்கியிருப்பார்.

எவ்வளவு கூலி, எத்தனை வருஷம், யார் தலையில் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கம்பெனியின் சார்பில் கேட்க நல்ல சம்பளத்தில் நூறு பேர் இருக்கிறார்கள். நோயாளியின் சார்பில் கேட்கிற நாற்காலியில் ஆள் குறைவு. பேத்தி அந்த நாற்காலியில் உட்காருகிறேன் என்கிறாள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவையே பாருங்கள். முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு நோய் வந்த குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி என்று வேண்டுகோள் வந்தால் ஐந்நூறு, ஆயிரம் என்று அனுப்புகிறீர்கள். நல்ல மனசு. 16 கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டோமா? அதே நோய்க்கு வாய்வழி மருந்து ஒன்று உண்டு, ரிஸ்டிப்ளாம். ஒரு புட்டி ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. இந்தியக் கம்பெனி ஒன்று அதைச் செய்ய முன்வந்தபோது தடை கேட்டு வழக்கு. 2025 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு தடை கொடுக்க மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அந்தக் கம்பெனி அறிவித்த விலை 15,900 ரூபாய். அதுவும் ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் ஆறு லட்சத்துக்கும் பதினாறாயிரத்துக்கும் நடுவில் எத்தனை பேர் வீட்டு நிலம் தப்பிக்கிறது என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் பெரிய வக்கீலாக, விஞ்ஞானியாக இருக்க வேண்டுமா என்றால், இல்லை. காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே அதை எதிர்க்க நம் சட்டத்தில் யாருக்கும் உரிமை உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு பெடாகுவிலின் என்று ஒரு மாத்திரை. அதன் காப்புரிமையை மேலும் நீட்டிக்கும் ஒரு மனுவை 2019-ல் எதிர்த்தவர்கள் இரண்டு பெண்கள். மும்பை நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய ஊசி மருந்தின் பக்கவிளைவால் இருவருக்கும் காது கேட்காமல் போனது. 2023 மார்ச்சில் அந்த மனு நிராகரிக்கப்பட்டது. அந்த வருஷத்துக்குள்ளேயே உலகக் கொள்முதலில் மாத்திரையின் விலை ஏறக்குறைய பாதியானது.

இந்த வேலையை வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இலங்கையில் பேராசிரியர் செனக பிபிலே, 1971-ல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, நாட்டுக்குத் தேவையான மருந்து எவை என்று பட்டியல் போட்டு, பிராண்டுப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கிக் காட்டினார். அவரோடு இருந்த டாக்டர் கே. பாலசுப்பிரமணியம், நம் தமிழர், பிறகு ஐ.நா.வின் அங்டாட் அமைப்பில் பல நாடுகளுக்கு மருந்துக் கொள்கை ஆலோசகராக இருந்தார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதலில் வெளியிட்டது 1977-ல். கூட்டம் நடப்பது ஜெனீவாவில் என்றாலும், யோசனை எங்கிருந்தெல்லாம் வந்தது என்று கவனியுங்கள்.

ஜெனீவாவும் வேண்டாம். திருவாரூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கொடுக்கிற மாத்திரை அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்குவது, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைத்தார்கள். அதை உருவாக்கி நடத்தியதில் ஐ.ஏ.எஸ். அதிகாரி பூரணலிங்கத்துக்குப் பெரிய பங்கு. அதற்கு முன்னால் மருந்து இல்லை, வெளியில் வாங்கிக்கோ என்று சீட்டு எழுதிக் கொடுப்பது சர்வ சாதாரணம். இவர்கள் மருந்துப் பட்டியலைச் சுருக்கினார்கள். தரத்துக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று டெண்டர் வாங்கினார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான். கேட்கச் சப்பென்று இருக்கிறது. பல மாநிலங்கள் வந்து பார்த்து, அதே மாதிரி தங்கள் ஊரில் அமைத்துக்கொண்டன. எனக்கு இரத்த அழுத்த மாத்திரை பன்னிரண்டு வருஷமாக அரசு மருத்துவமனையில்தான். வாத்தியாருக்குப் பென்ஷன் வருதே என்று கேலி பேசுவார்கள். வரிசையில் நின்று வாங்கினால்தான் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியும்.

விலை மட்டும் குறைந்தால் போதுமா? போதாது. இதைப் பேத்திக்காகவே எழுதுகிறேன். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனார்கள். இருமல் மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால். சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புரோப்பிலீன் கிளைக்கால், எதிலீன் கிளைக்கால், டைஎதிலீன் கிளைக்கால் என்று கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட வாய்பாடுகள். மூலப்பொருளைச் சோதிக்காமல் உள்ளே விட்டிருக்கிறார்கள். "ஏழை நாடுகளின் மருந்தகம்" என்று நாம் மார்தட்டிக்கொள்வதெல்லாம் இந்த ஓர் இடத்தில் வந்து தலைகுனிய வேண்டியிருக்கிறது. கட்டுப்படியான மருந்துக்காகப் பேசுகிறவர்கள் தரத்தைப் பற்றி இரண்டு மடங்கு உரக்கப் பேச வேண்டும். இந்த வேலைக்குப் போகிறவள், நம் கம்பெனி, நம் ஊர் என்று பார்த்தால், அவளும் வேண்டாம், அவள் வேலையும் வேண்டாம்.

அடுத்து, மருமகன் கேட்டது. சம்பளம் எவ்வளவு, நிரந்தரமா? சம்பளம் கம்பெனியை விடக் குறைவாகத்தான் இருக்கும், குறிப்பாக முதல் பத்து வருஷம். பல இடங்களில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒப்பந்த வேலை. பணம் கொடுக்கிற அமைப்பு கையை மடக்கினால் வேலை போகும். இதை நான் மறைக்கப் போவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன வேலை என்று சொல்வதும் கஷ்டம்தான், தங்கையின் பெரிய கவலை அது. "மருந்து விலையைக் குறைக்கிற வேலை" என்று சொல்லு. எந்த வீட்டில் மாத்திரை டப்பா இல்லை? புரிந்துகொள்வார்கள். புரியாத வீட்டுக்கு அவள் போகவும் வேண்டாம்.

பேத்திக்கு இரண்டு நிபந்தனை வைக்கிறேன். மேற்படிப்புக்குப் போவதற்கு முன் ஆறு மாதம் ஏதாவது ஓர் அரசு மருத்துவமனை மருந்தகத்திலோ கிடங்கிலோ வேலை பார்க்க வேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. "மருந்துக்கான அணுகல்" என்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வார்த்தையை வைத்துக்கொண்டு கூட்ட அறையில் முப்பது வருஷம் பேசலாம். வரிசையில் நிற்கிற கிழவிக்கு ஏன் இன்று மாத்திரை இல்லை என்று தெரியாமலே ஓய்வும் பெறலாம். அப்படிப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, வேதியியலை விட்டுவிடக் கூடாது. சட்டம், பொருளாதாரம் எல்லாம் படிக்கட்டும். எதிராளி படிக வடிவத்தைப் பற்றிப் பேசும்போது திணறாமல் எதிர்க்கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்.

கம்பெனி வேலைக்குப் போகாதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நல்ல மருந்தை ஒழுங்காகச் செய்கிறவனும் புண்ணியம் செய்கிறவன்தான். கெமிஸ்ட்ரியில் கெட்டிக்காரப் பிள்ளையா, டாக்டருக்குப் போ. மார்க் குறைந்ததா, பார்மஸிக்குப் போ. என்று முப்பது வருஷம் வழிகாட்டியவன் நான். நீதிபதி அய்யங்கார் உட்கார்ந்த மாதிரி ஓர் இடமும் இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. அன்று கூடத்தில் சிரித்த யாரையும் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. நானும்தான் வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல் இருந்தேன்.

இனி உங்களிடம் ஓர் உதவி. காப்புரிமை அலுவலகத்தில், மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கில், மருந்து விலைக் கட்டுப்பாட்டில், அல்லது வெளிநாட்டில் பொது சுகாதாரம் படிக்கிற, சொல்லிக்கொடுக்கிற இடத்தில் யாராவது இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். அவள் கேட்க ஒரு நோட்டு நிறையக் கேள்வி எழுதி வைத்திருக்கிறாளாம். புத்திமதி சொல்ல வேண்டாம், அதற்கு வீட்டிலேயே ஆள் நிறைய. நீங்கள் காலையில் அலுவலகம் போய் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும். கம்பெனிக்குப் பதில் சொல்ல இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

பென்சில் கோடு போட்ட அந்தத் தீர்ப்பு பரணில் இருந்தது, இறக்கி வைத்திருக்கிறேன். ஓரத்தைக் கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது, எழுத்துக்குச் சேதமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தங்கை இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வருவதானால் அவளும் கூடவே வரட்டும். இட்லி இருக்கும்.